வளர்மதி டீச்சரின் வயிற்றில் குடியேறியவை

"சிஸ்டர், அந்தக் காலத்துல நீங்க இதை மிக்சில போட்டு அடிச்சீங்களாமே, நெசமாவா?"

ஓய்வு பெற்ற பிறகு, புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு ஒருநாள் போயிருந்தேன். எண்டோஸ்கோபி அறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அந்தக் காலம் என்று அவள் சொன்னது ராஜா காலத்தை அல்ல. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தைய வருடங்களை. அவள் கையில் ஒரு சின்ன டப்பா. வெளியூரிலிருந்து குளிர்பெட்டியில் வந்து இறங்கியது. உள்ளே பளபளவென்று காப்ஸ்யூல்கள். நகைக்கடைக்காரர் பார்த்தால் பொறாமைப்படுவார்.

"அடிச்சோம்மா. ஆனா சட்னி பதத்துக்கு விடக் கூடாது. கொஞ்சம் தண்ணியா இருக்கணும்" என்றேன்.

அன்று அவள் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்று கேள்வி.

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிப்பவர்கள் முடித்துவிட்டு வருவது நல்லது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எடுத்து, வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை அது. இப்போது அந்தக் காப்ஸ்யூல்களுக்குள் இருப்பதும் அதுதான். அருவருப்பாகத் தோன்றும். ஆனால் சிலருக்கு உயிரைக் கொடுக்கும். ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அளவுக்கு மேல் விழுங்கினால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துபோகும். அந்த வெற்றிடத்தில் ஒரு கெட்ட கிருமி கொடி நாட்டும். நாள் முழுக்கப் பேதி. மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் திரும்பி வரும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அடுத்தவர் குடலிலிருந்து குடித்தனக்காரர்களைக் கொண்டுவந்து விடுவோம்.

நான் குளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. பெயர் அமலி. நர்சிங் படித்தேன், பிரசவ வார்டு, அறுவைச் சிகிச்சை வார்டு என்று எல்லா இடத்திலும் திட்டு வாங்கினேன், கடைசியில் குடல்நோய் மருத்துவர் நாச்சியப்பனிடம் வந்து சேர்ந்தேன். படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த டாக்டரிடம்தான்.

டாக்டர் நாச்சியப்பன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் "ரொம்ப நல்லது" என்பார். இன்னும் கோபம் வந்தால் "ரொம்ப ரொம்ப நல்லதுங்க" என்பார். அந்த 'ங்க' வந்துவிட்டால் எதிரே நிற்பவருக்கு வியர்த்துவிடும். எங்கள் அறையில் அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: மூக்கை மூடிக்கொள்ளலாம், முகத்தைச் சுளிக்கக் கூடாது. மாஸ்க் போட்ட முகத்தில் சுளிப்பு எப்படித் தெரியும் என்று நினைத்த ஒரு நர்ஸ், புருவத்தால் மாட்டிக்கொண்டாள். "உள்ள போறப்ப எலை போட்டு வரவேற்கிறோம். வெளிய வர்றப்ப மட்டும் அவமரியாதையா?" என்றார் அவளிடம். அவள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். அங்கே என்ன ரோஜாப்பூவா வருகிறது?

மிக்சியை வாங்கப் போனது நான்தான். கீழ ராஜ வீதிக் கடையில், வேகம் குறைத்து வைக்க முடிகிற மிக்சி வேண்டும், பெரிய ஜார் ஒன்று போதும் என்றேன். கடைக்காரர் விடவில்லை. "சட்னி ஜாரும் சேத்து வாங்கிக்கங்கக்கா. அப்புறம் தேடி வருவீங்க" என்றார். தேடி வர மாட்டேன் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பேசாமல் வாங்கி வந்தேன். 

அந்த மிக்சியின் புகழ் மருத்துவமனை முழுவதும் பரவியது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. கேன்டீன் மாஸ்டர் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "சிஸ்டர், நம்ம மிக்சி காயில் போயிருச்சு. ஒங்க ரூம்ல ஒண்ணு சும்மாக் கிடக்காமே. தேங்காய் அரைக்கணும், அரை மணி நேரம் குடுங்க" என்றார். விவரம் சொன்னேன். அதன் பிறகு அவர் எங்கள் மாடிக்கே வரவில்லை. டீயைக்கூட வேறு ஆளிடம்தான் கொடுத்தனுப்பினார்.

இந்தச் சிகிச்சையை நாங்கள் சிலருக்குச் செய்தோம். பெரும்பாலும் நன்றாகவே போனது. நன்றாகப் போனவை எனக்கு நினைவில் இல்லை. மனதில் நிற்பது வளர்மதி டீச்சர் மட்டும்தான். ஆட்களின் பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன், நடந்ததை மாற்றவில்லை.

வளர்மதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சிறுநீரகத்தில் தொற்று என்று ஆரம்பித்து, மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, கிருமி குடலைப் பிடித்துக்கொண்டது. எங்களிடம் வந்தபோது வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. கூட அம்மாவும் தம்பி செல்வமும் வந்திருந்தார்கள். செல்வம் துபாயில் ஒப்பந்தம் முடிந்து, புது விசாவுக்காக ஊரில் காத்திருந்தவர். புருசன் சேகரைப் பற்றி யாரும் பேசவில்லை. குடும்பநலக் கோர்ட்டில் விவாகரத்து வழக்கு நடக்கிறது என்று அம்மா என் காதில் மட்டும் சொன்னார்.

"அக்காவுக்காக என் ரத்தத்தையே குடுப்பேன் டாக்டர்" என்றார் செல்வம்.

"ரத்தம் வேண்டாம் தம்பி" என்றார் டாக்டர். பிறகு என்ன வேண்டும் என்று சொன்னார். செல்வம் சுவரைப் பார்த்துக்கொண்டே அதையும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்.

"அடுத்தவனோடது எப்படி டாக்டர் எங்கக்கா வயித்துல நிக்கும்?" என்று கேட்டார்.

"முகூர்த்த நாள்ல நம்ம பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறியிருக்கீங்களா? வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டைப் போடுறாங்கல்ல. குடலும் அப்படித்தான். மாத்திரை, உக்காந்திருந்த நல்ல ஆளுக எல்லாத்தையும் எறக்கி விட்டுருச்சு. காலி சீட்டுல ரவுடி ஏறிட்டான். அவனை அடிச்சு எறக்குனாலும், சீட்டு காலியாத்தானே இருக்கு? திரும்ப ஏறுறான். அதனால நல்ல ஆளுகளைக் கூட்டமா, ஒரே நேரத்துல ஏத்தி விடணும்."

"ஏறுன ஆளுக அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டா?"

டாக்டர் சிரித்தார். அவரைச் சிரிக்க வைக்கும் கேள்விகள் குறைவு. "பாதிப் பேர் எறங்கத்தான் செய்வாங்க. தங்குறவங்களுக்கு நாமதான் சோறு போடணும். கீரை, பயறு, கேப்பை, வாழைப்பூ. நமக்குச் செரிக்காத நாருதான் அவங்களுக்கு விருந்து. அப்புறம், கண்ட ஆன்டிபயாடிக்கையும் திங்கக் கூடாது. தின்னா பஸ்ஸு மறுபடி காலி."

செல்வத்துக்குப் பரிசோதனைகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. மஞ்சள்காமாலைக் கிருமி இல்லை, வேறு தொற்று இல்லை, குடலில் புழு இல்லை. ரத்தம் கொடுப்பவருக்குப் பார்ப்பதைவிட இதற்குப் பார்ப்பது அதிகம். சிகிச்சை நாளும் வந்தது. காலையில் அவர் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததைச் சூடு ஆறுவதற்குள் என்று சொல்லாவிட்டாலும், சில மணி நேரத்துக்குள் உள்ளே செலுத்தியாக வேண்டும். அந்தப் பாக்டீரியாக்களில் பல, காற்றுப் பட்டாலே செத்துப்போகும் ஜாதி.

துபாய் வெயிலில் கம்பி கட்டிய செல்வத்துக்கு அன்று காலை ஒன்றும் நடக்கவில்லை. வாழைப்பழம் சாப்பிட்டார். காபி குடித்தார். வெந்நீர் குடித்தார். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். உள்ளே வளர்மதி குடலைச் சுத்தம் செய்துகொண்டு தயாராகப் படுத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து போன் மேல் போன். "ஆச்சா?" "இன்னும் ஆகல மாமா." சித்தப்பா, பெரியம்மா, துபாயில் கூட இருந்த நண்பர்கள் என்று எல்லோருக்கும் அதே பதில். பிரசவ வார்டு வாசலில்கூட இத்தனை பதற்றத்தை நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒருவழியாக ஆனது. அம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

பிறகு என் வேலை. எடை பார்த்து, உப்புநீர் கலந்து, மிக்சியில் மெதுவாகச் சுற்றவிட வேண்டும். வேகம் கூடினால் நுரைக்கும். நுரைத்தால் காற்றுப் புகும். வடிகட்டித் துணியை இரண்டாக மடித்து வடிக்க வேண்டும். சக்கை நின்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். பெரிய சிரிஞ்சுகளில் ஏற்றி வரிசையாக வைத்தால், டாக்டர் குழாயைப் பெருங்குடலின் கடைசி முனைவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பார்க்காமலே கையை நீட்டுவார். நான் சிரிஞ்சை வைப்பேன். அந்த நேரத்தில் அவர் பேச மாட்டார். தளிகை படைக்கிற அர்ச்சகர் போல இருப்பார். முடிந்ததும் நோயாளி வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முடிந்தவரை அடக்கிக்கொள்ள வேண்டும்.

வளர்மதிக்கு ஒரு வாரத்துக்குள் பேதி நின்றது. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போனார். செல்வம் விசா வந்து விமானம் ஏறினார்.

அப்புறம் தொண்டை வலி வந்தது. வகுப்பில் கத்திக் கத்தி எந்த டீச்சருக்கும் வருவதுதான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருந்தால் போதும். கடைக்காரர் நல்ல மனுசர். டீச்சரம்மா மேல் மரியாதை. "இதைப் போட்டுக்கங்க டீச்சர், ஒண்ணும் செய்யாது" என்று உறையில் மாத்திரை போட்டுக் கொடுத்தார். அது எல்லாவற்றையும் செய்துவிட்டது. செல்வம் வாழைப்பழமும் வெந்நீருமாக நடந்து நடந்து கொடுத்ததெல்லாம் ஒரு மாத்திரை உறையோடு போயிற்று.

இந்த முறை வளர்மதியைத் தள்ளுவண்டியில்தான் கொண்டுவந்தார்கள். மாத்திரை விஷயத்தைக் கேட்ட டாக்டர், "ரொம்ப ரொம்ப நல்லதுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. குடல் வீங்கியிருந்தது. மருந்து கேட்காவிட்டால் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டிவரும். அதைத் தாங்கும் உடம்பும் இல்லை. மருந்தை வைத்துப் பேதியைத் தற்காலிகமாக நிறுத்தினோம். அந்த இடைவெளிக்குள் ஒரு கொடையாளர் வேண்டும்.

செல்வம் துபாயில், உடனே வர வழியில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்னும் பல மாத்திரைகள். சித்தப்பாவுக்கு மஞ்சள்காமாலைக் கிருமி இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. பள்ளியிலிருந்து இரண்டு டீச்சர்கள் துணிந்து வந்தார்கள். இருவரும் போன மாதம்தான் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார்கள், அதே கடையில்.

"கூடவே ஒரே வீட்டுல இருந்தவங்க யாராச்சும் இல்லையா?" என்று கேட்டார் டாக்டர்.

அம்மா தரையைப் பார்த்தார். "இருந்தாரு. அங்கிட்டுத்தான் செடி நர்சரி வச்சிருக்காரு. இப்பக் கேசு நடக்குதுங்க."

வளர்மதி கட்டிலிலிருந்தே சொன்னார்: "செத்தாலும் வேண்டாம்."

அன்று சாயங்காலம் அவருக்குத் துணி மாற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடிக்கிற புருசனா என்று கேட்டேன். இல்லை என்றார். குடியா? இல்லை. "பேச மாட்டாரு சிஸ்டர். புள்ளை இல்லைன்னு அவுக ஆத்தா என்னை நாள் முழுக்கப் பேசும். இவரு ஒட்டுமாங் கன்னுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிப்பாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'சும்மா இரு ஆத்தா'ன்னு சொல்லியிருந்தாக் கூட நான் இருந்திருப்பேன். இனிமே அந்த மனுசன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்னு வந்தவ நான்."

"இது தண்ணி இல்லையே டீச்சர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, பல நாளைக்குப் பின், சிரித்தார். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கூப்பிடுங்க. ஆனா இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது" என்றார்.

சேகரை நான்தான் போனில் கூப்பிட்டேன். விஷயத்தை முழுவதும் சொல்லி முடித்தேன். "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

கொடையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம் மோசமானவை. குடிப்பீர்களா, போதைப் பழக்கம் உண்டா, வேறு பெண்களோடு தொடர்பு உண்டா, பச்சை குத்தியிருக்கிறீர்களா, ஜெயிலுக்குப் போனதுண்டா. குடும்பநலக் கோர்ட்டில்கூட இத்தனை பச்சையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். மண் ஒட்டிய விரல்களை மடியில் கோத்துக்கொண்டு அவர் எல்லாவற்றுக்கும் "இல்லைங்க" என்றார். நான் பேனாவை மூடியபோது மட்டும், "எந்திரிச்சு ஒக்கார முடியுதாங்க?" என்று கேட்டார். யார் என்று சொல்லவில்லை. முடியும் என்று பொய் சொன்னேன்.

சிகிச்சை நாளன்று அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார், போனார், கொடுத்தார். வாழைப்பழமும் இல்லை, வெந்நீரும் இல்லை. அவருடைய அம்மா பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கியதுதான் எதிர்பாராதது.

"வேண்டாம்னு ஓடிப்போனவளுக்கு இப்ப எம்புள்ள பீ கேக்குதா? கொழுப்பைப் பாரு!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் வளர்மதி வலது கையில் ஊசியோடு படுத்திருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா இரு ஆத்தா" என்று ஒரு ஆண்குரல் கேட்டது. உரக்கக்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வராந்தாவில் சத்தமே இல்லை.

வளர்மதி என்னைப் பார்த்தார். "அவரா சொன்னாரு?"

"அவர்தான்."

வளர்மதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இப்பச் சொல்றாரு பாருங்க" என்றார்.

டாக்டர் குழாயைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். நான் சிரிஞ்சை வைத்தேன்.

வளர்மதி பிழைத்தார். இந்த முறை சொன்னபடி கேட்டார். கேப்பைக் கூழும் முருங்கைக்கீரையும் பயறுமாகச் சாப்பிட்டார். தொண்டை வலித்தால் கொப்பளித்தார். எதிர்க் கடைக்காரரைக் கண்டால் மட்டும் தெருவின் அந்தப் பக்கம் நடந்தார்.

எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. இத்தனை வருடம் சாவையே பார்த்த கண்ணுக்கு, ஒரு நல்ல முடிவு வேண்டும் போலிருந்தது. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். சேகரின் வக்கீல்கூட நினைத்தார். கணவர் செய்த உதவியைக் கோர்ட்டில் சொன்னால் வழக்கே திரும்பிவிடும் என்று குதித்தாராம். "அதெல்லாம் பேசக் கூடாதுங்க" என்று சேகர் சொல்லிவிட்டார். அந்த மனுசன் பேசிய ஒன்றிரண்டு வாக்கியங்களில் அதுவும் ஒன்று. இருவர் சம்மதத்தோடும் விவாகரத்து ஆனது. சண்டை இல்லை, சாபம் இல்லை.

அது முடிந்த கொஞ்ச நாளில் வளர்மதி மறுபரிசோதனைக்கு வந்தார். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை டாக்டர் வெளியூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். யாருடைய பாக்டீரியா யாரிடம் தங்கியிருக்கிறது என்று மரபணுவை வைத்துச் சொல்லிவிடுவார்கள். முடிவு வந்திருந்தது.

"தம்பியோடது அநேகமா ஒண்ணும் மிஞ்சலைங்க டீச்சர். இப்ப உள்ள இருக்கிறதுல பெரும்பகுதி ஒங்க வீட்டுக்காரரோடது."

"முன்னாள்" என்றார் வளர்மதி.

"மன்னிக்கணும். முன்னாள்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பியோடதை மாத்திரை அடிச்சிருச்சு. இது நல்லாப் புடிச்சுக்கிச்சு. ஒரே அடுப்புல, ஒரே தண்ணில பல வருசம் சாப்பிட்டவங்க குடல்ல ஒரே மாதிரி ஜாதிகதான் இருக்கும்பாங்க. பழகுன எடம்னு ஒட்டிக்கிச்சோ என்னவோ. இது என் யூகந்தான், எழுதி வச்சுக்காதீங்க."

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா வருசக்கணக்குல."

"கோர்ட்டுல பிரிச்சு விட்டுட்டாங்களே டாக்டர்."

"கோர்ட்டு உத்தரவு குடலுக்குச் செல்லாதுங்க" என்றார்.

இந்தச் செய்தி துபாய்க்கும் போனது. செல்வம் என்னைப் போனில் கூப்பிட்டு, "என்னோடது ஒண்ணு கூடவா தங்கல சிஸ்டர்?" என்று கேட்டார். பாகப்பிரிவினையில் ஏமாற்றப்பட்டவர் போல இருந்தது அவர் குரல்.

வளர்மதி மறுபரிசோதனைக்கு வந்திருந்த அன்றே இன்னொரு நோயாளி வந்து படுத்தார். வயதானவர், பிள்ளைகள் வெளிநாட்டில், உடனடியாகக் கொடுக்க ஆள் இல்லை. வளர்மதி காதில் இது விழுந்துவிட்டது. "நான் குடுக்குறேன்" என்றார். இந்த நோய் வந்து போனவர்களிடம் வாங்கக் கூடாது என்பது விதி. சொன்னேன். அவர் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

"அவரைக் கேளுங்களேன்."

"யாரை?"

"அவரைத்தான். கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாரு. வயித்துக்கு அவரை மாதிரி ஒரு நல்ல மனுசன் கெடைக்க மாட்டாரு."

"நீங்க சொன்னதாச் சொல்லலாமா டீச்சர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

நான் சேகரைக் கூப்பிட்டேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். இன்னொருவருக்கு வேண்டியிருக்கிறது, வர முடியுமா என்று கேட்டேன். என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றார். வளர்மதி டீச்சர்தான் உங்கள் பெயரைச் சொன்னார் என்றேன். மோட்டார் நின்றது.

"என்ன சொன்னாங்க?"

சொன்னபடியே சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. சிரிப்புதான். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். காலையில் கம்மங்கஞ்சி குடிப்பதையும், மாத்திரையே தொடாததையும், கன்றுகளுக்கு உரம்கூடத் தொழு உரம்தான் போடுவதையும் சொல்லிக்கொண்டே போனார்.  

நாளைக் காலை பரிசோதனைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். போனை வைக்கப் போனேன்.

"ஒரு நிமிசங்க" என்றார். "அந்தப் பெரியவரு எந்தப் பக்கங்க? பேரு வேண்டாம். இங்கிட்டு நாங்க காரம் கொஞ்சம் தூக்கலாத் திங்கிறவங்க. அதுக அங்க போயிக் கஷ்டப்படக் கூடாது. அவரு காரம் திம்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க."